நீ இருந்த பத்து நாள் விரதம்

நாளை காவடி விரதம் தொடங்குகிறது. அதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று என் மனைவி மிச்சமிருந்த கருவாட்டையெல்லாம் பொரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாசனை தெருமுனை வரை போய் ஆளைக் கூப்பிடுகிறது. போன மாதம் மண்ணுக்குள் போன உன்னையும் கூப்பிட்டிருக்கும்போல. தட்டுக்கு எதிரே உன் முகம்தான் தெரிகிறது.

கல்லூரி உபகாரச் சம்பளத் தேர்வு நடந்த வருஷம் அது. நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவன்தான் போக முடியும். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தத் தீவுக்கு அடிமையாக வந்த உன் பாட்டனுக்குப் பாட்டன் வெட்டிய அதே கரும்புக் காட்டில், ஆட்டைப் பிடித்துக்கொண்டு, பாடத்தை உரக்க ஒப்பித்தபடி நீ தனியே நடப்பாய். உனக்கு முன்னால் அந்த ஆடு பாஸாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாங்கள் தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர் கோயில் கொட்டகையில் கூடிப் படித்தோம். படித்தோம் என்பது மரியாதைக்கு. பாதி நேரம் வம்பு. மீதி நேரம் ஒருவனை ஒருவன் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவோம்.

ஒருநாள் வாசலில் வந்து நின்றாய். "கமராட், கூட்டாளி, நானும் உங்களோட படிக்கட்டுமா?"

"காவடி விரதம் இருக்கிறவனுக்குத்தான் இங்க இடம். பத்து நாள் மீன், கறி தொடக் கூடாது. முடியுமா உன்னால?" என்றேன்.

அப்படி ஒரு சட்டமே கிடையாது. நீ உள்ளே வந்தால் முதலிடம் உனக்கு என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

காவடி முடிந்த மறுநாள் வந்தாய், கன்னம் ஒட்டிப்போய். "முடிச்சிட்டேன். வெறும் மரவள்ளிக்கிழங்குதான். அம்மா கருவாடு பொரிச்சப்போ வெளியே போய் நின்னுக்கிட்டேன்." சட்டம் போட்ட நானோ, மூன்றாம் நாளே ஃப்ளாக் ஊர்ச் சந்தையில் பொரித்த மீனோடு சமாதானமாகிவிட்டவன்.

அந்த ஒரு மாலைதான் எங்களோடு உட்கார்ந்தாய். "இப்படியா படிப்பீங்க!" என்று வாய் பிளந்தாய். விடிந்தால் தேர்வு. வாய்மொழித் தேர்வு அது; ஆறு ஏன் பெருகியது என்று தேர்வாளர்கள் உன்னைக் கேட்டார்கள். பாடத்தின் முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாய். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இடம் எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்து என் தோளில் தட்டினாய். "அடுத்த வருஷம் முதல் நாளே உங்களோட உட்கார்ந்துடறேன்."

அடுத்த வருஷம் உன் கையில் கரும்புக் கத்தி இருந்தது. அதன்பின் சந்தையில் உன்னைப் பார்த்த போதெல்லாம் வேறு பகடி பேசித் தப்பினேன். அந்தச் சட்டம் பொய் என்று மட்டும் சொல்லவில்லை.

மனைவி தட்டை நகர்த்துகிறாள். "நாளைக்குத்தானே விரதம், சாப்பிடுங்க."

"எனக்கு இன்னிக்கே தொடங்கிடுச்சு."

"நீங்களா? மூணாம் நாள் பார்க்கலாம்."

அவளுக்கு என்னைத் தெரியும். உனக்குத்தான் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.