சட்டைக் கைக்கு வெட்டுப்பட்ட பாட்டு

என் வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், தையல் மெஷினுக்கு மட்டும் லேசாக இருமல். உன் சுகம்தான் தெரியவில்லை. முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன், சிரிக்காதே. சீருடைக்கு அளவு வெட்டக் காகிதம் தீர்ந்துபோய், உன் அலமாரியில் இருந்த தாள்கட்டை எடுத்துக் கத்தரி போட்டுவிட்டேன். மூன்று சட்டைக் கை வெட்டிய பிறகுதான் எழுத்து கண்ணில் பட்டது, எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அவள் போன பிறகு இந்த ஊரில் ஒரு தெருவும் எனக்கு வழி விடவில்லை, சாவே, உன் முகம்கூட இப்போது பயமாக இல்லை" என்று இருந்தது. மேலேயும் கீழேயும் கத்தரி தின்றுவிட்டது. தாளோடு அப்பாவிடம் ஓடினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அவளுதுதான்டி" என்றார். உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, "நல்லா இருக்கேன்மா, வேலை" என்று ஒரு வரி மட்டும் வந்தது, மூன்று வாரமாக வருகிற அதே வரி.

மறுநாள் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, துண்டுகளைக் குண்டூசி குத்திச் சேர்த்துப் படித்ததில்தான் விளங்கியது, அது நீ படிக்கிற அந்த இத்தாலிக்காரக் கவிஞன் தன் காதலி செத்தபோது, எழுநூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது, நீ தமிழாக்கியது. மனுஷன் நல்லவன், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என்றைக்கு, எதற்காக எழுதினேன் என்று சொல்கிறான், பின்னால் எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்றும் சொல்கிறான். அளவு சொல்லாமல் துணியை மட்டும் வீசிவிட்டுப் போகிற ஆள் இல்லை. நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். குடித்து முடிக்கும்போது ஓரத்தில் பென்சிலில் நீ எழுதியது தெரிந்தது, எனக்கும் இப்படித்தான் என்று. அது அவன் எழுதியதில்லையே. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை, கூடையை இரண்டு தடவை தேடிவிட்டேன். போன விடுமுறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாயே, "பெரிய கவி வந்திருக்கிறாள், சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுங்கள்" என்று கிண்டல் செய்தேனே, இப்போது அது என்னையே குத்துகிறது. யார் போனார்கள், எப்போது, அந்த மனுஷன் மாதிரி முன்னும் பின்னும் எழுது. திட்டமாட்டேன். எழுத வராவிட்டால் போனை எடுத்துச் சும்மா பிடித்துக்கொண்டிரு, நான் பேசுகிறேன், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

உடம்பும் மனசும் தெம்பாக இருக்க அம்மா அப்பா ஆசீர்வாதம். ஈரத் தலையோடு படுக்காதே.

உன் அம்மா

பி.கு.: நான் துண்டுகளைப் பொறுக்குவதற்குள் அப்பா உன் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து, உனக்கு ரொம்ப வேண்டிய ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அனுதாபம் சொல்லி உனக்கு ஒரு வாரம் விடுப்பு எழுதிவிட்டார்கள். அவள் செத்து எழுநூறு வருடம் ஆகிறது என்று அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. விடுப்பு வெள்ளிக்கிழமை முடிகிறது, அதற்குள் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ.