வாய்க்காலில் அகப்பட்ட தாக்கத்தி

2009 யூன் 3, புதன்
கச்சான் காத்து. வாயெல்லாம் புழுதி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: இன்று கட்டியிருந்த சாரத்தோடு மூத்திரம் போய்விட்டது. வயசு ஐம்பத்திரண்டு. வயல்வட்டையில் வாய்க்கால் துப்பரவு, மண்வெட்டி 'ணங்' என்றது. மிதிவெடிதான் என்று முடிவுகட்டி நின்றேன். பார்த்தால் நெல் அறுக்கிற தாக்கத்தி. துருக்கறள் மூடி, பிடி உக்கி.

பக்கத்து வயல்காரன் கண்டுவிட்டான். பின்னேரத்துக்குள் வெல்லாவெளி முழுக்க என் சாரக்கதை. கத்தியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

பெண்சாதி சிவமணி சிரிக்கவில்லை. கத்தியை விரலால் தடவிப் பார்த்து வைத்தாள். சாரம் தோய்க்கச் சவர்க்காரம் வாங்கப் போனவள் வர ஒரு மணித்தியாலம்.

யூன் 4, வியாழன்
கத்தி மண்ணெண்ணெயில். வாளி, கடல் எட்டியும் பார்க்காத எங்கள் ஊருக்கு வந்த சுனாமி நிவாரணம்.

சிவமணியின் தம்பி தவம் இடக்கையன். இந்த வட்டையில் அவன் ஒருத்தன்தான். கத்திக்குப் பல்லை மறுபக்கம் வெட்டுவித்தவன்; இரவல் கொடுத்தாலும் பிறருக்கு உதவாது. இரண்டு வருசத்துக்கு முந்தி சண்டைக்குப் பயந்து ஊரே ஓடும்போது, "மிச்சத்தை வெட்டிப்போட்டு வாறன் மச்சான், நீங்க போங்க" என்றான். போனேன். நல்ல வேகம்.

அதோடு அவனைக் காணவில்லை. இயக்கம் வன்னிக்குக் கொண்டுபோயிருக்கும், சண்டை முடிந்ததுதானே, ஏதாவது முகாமில் இருப்பான் என்கிறாள் சிவமணி. கிழமைக்கொருதரம் மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப் பேர்ப்பட்டியல் பார்க்கிறாள்.

கத்தி அவனுடையது என்றால், அவன் வட்டையை விட்டுப் போகவே இல்லை.

வலக்கைக் கத்தியாய் இரு. கறள் இரும்பைக் கும்பிட்டேன். நல்லகாலம், பக்கத்து வயல்காரன் இல்லை.

யூன் 6, சனி
செங்கல்தூள், தேங்காய்ப் பொச்சு. பல் தெரிகிறது.

மறுபக்கம்.

வலக்கையால் புல் அறுத்தேன், வழுக்கியது. இடக்கையால், சர் சர்.

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். வயிறு சரியில்லை என்றேன். சிவமணி என் சாரத்தைப் பார்த்தாள்.

யூன் 8, திங்கள்
அவள் மட்டக்களப்பு போன கையோடு கொல்லரிடம் அரம் இரவல் கேட்டேன். ஏன் என்று கேட்காமலே எடுத்துத் தந்தார். பழைய பல்லை அராவித் தள்ளி, மற்றப் பக்கம் புதுப்பல். கோணல், என் பல் மாதிரியே. புதுப் பிடி. கையெல்லாம் கொப்புளம்.

வந்ததும் நீட்டினேன். "ஆரோ வலக்கையன்ட, புள்ள."

திருப்பிப் பார்த்தாள். "அப்ப தம்பிட இல்ல."

"இல்ல."

"ஓம்" என்றாள். அடுத்த கிழமையும் போகவேணுமாம்.

யூன் 9, செவ்வாய்
அரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொல்லர், "சரிவந்ததோ அண்ணன்? இடக்கைப் பல்லை வலக்கைக்கு மாத்த ஏலுமோ எண்டு அக்கா வந்து கேட்டவ" என்றார்.

எப்ப என்றேன்.

போன புதன், சவர்க்காரத்தோடயாம்.