கோட்டை மணியின் சுருதி

மாசி 14, வெள்ளி இரவு. சிதம்பரம் தாண்டி ஒரு சத்திரம்.

பழவேற்காட்டிலிருந்து தன்னந்தனியாக மாட்டு வண்டி ஓட்டி வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. தஞ்சாவூர் வித்வான்கள் சபையில் நான் நிலைநாட்ட வேண்டியது ஒன்றுதான்: பாடகனின் சுருதி அவன் உடம்புக்குள்ளேயே பிறக்கிறது, வெளியிலிருந்து வருவதில்லை. வழியெல்லாம் அதை மாட்டிடம் சொல்லிப் பழகினேன்.

சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து தம்புராவுக்குச் சுருதி கூட்டினேன். மூலையில் படுத்திருந்த துணி வியாபாரி, ஒரு மரைக்காயர், சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாங்க இது, நம்ம உலாந்தாக்காரன் கோட்டை மணி மாதிரியே கீது! பழவேக்காடா நீங்க?”

“ஊர் அதுதான் பாய். ஆனா இது மணி இல்ல, என் தொண்டையோட சுருதி.”

“எனக்குத் தெரியாதா? ஊர வுட்டு வந்து எத்தினியோ வருசம் ஆச்சு. அந்த மணி அடிச்சாத்தான் எங்க உம்மா வெளக்கு ஏத்தும். இன்னொரு தரம் மீட்டுங்க.”

எரிச்சலோடு மீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. அந்தியில் ஏரியின் மேல் மிதந்து வரும் மணி. படகுகள் கரைக்குத் திரும்பும். “மணி அடிச்சாச்சு, பாடுறா” என்பார் நைனா. நானும் அந்த மணியின் சுருதியிலேயே ஆரம்பிப்பேன். அந்த டச்சுக் கோட்டைக்காரர்களை நாள் தவறாமல் திட்டியவன் நான்.

மரைக்காயர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். சபையில் எழுந்து நின்று என்ன சொல்வேன்? தம்புராவைத் தொட்டாலே ஊரில் விளக்கு வைக்கிறார்கள்.