மன்னிப்புக் கேட்க வந்த சிஸ்டருக்கு

என் வசந்தி அக்காவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் எல்லோரையும் போல எனக்கும் நீங்கள் சிஸ்டர்தான். போன வாரம் நன்றி சொல்ல அங்கே வந்தேன். நோயில் நீங்கள் போய் ஒரு வருடமாகிறது என்றார்கள்.

உயிரை விடப் பார்த்து, காப்பாற்றப்பட்டு, நான் அங்கே கிடந்த முதல் நாள். ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "பொழைக்கணும்னு துடிக்கிறவங்களுக்கு இங்க பெட் இல்ல. நீ படிச்ச புள்ளதானே?"

எல்லோருக்கும் இடைஞ்சல் என்றுதான் நானும் என்னை நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் மறுபடியும் முயல்வது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை, பையைக்கூட வைக்காமல் நேராக என் கட்டிலுக்கு வந்தீர்கள்.

"நேத்து நான் பேசுனது தப்பும்மா. எதிர் பெட்டு அம்மா எறந்து போயிட்டாங்களேன்னு ஆத்திரம். அத ஒங்கிட்ட காட்டிட்டேன். மன்னிச்சுக்க."

அதுவரை என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. பிறகு, "இன்னும் அந்த நெனப்பு இருக்கா?" என்றீர்கள். இருக்கிறது என்றேன். திட்டவில்லை. மனநல டாக்டரை அழைத்து வந்தீர்கள்.

செட்டிகுளத்திலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த அத்தைகள், "என்னத்துக்குடி இப்படிப் பண்ணுன?" என்று தொடங்கியதும் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"பாத்துட்டீங்கள்ல, கெளம்புங்க."

"நாங்க சொந்தக்காரவுங்க சிஸ்டர்."

"நான் ஊசி போடுறவ. நிக்கிறவங்களுக்கும் போடுவேன்."

அவர்கள் போன வேகத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹார்லிக்ஸை மட்டும் விடாமல் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்!

இப்போது அரியலூரில் வேலை பார்க்கிறேன். புத்தகங்கள் இரண்டு அலமாரி சேர்ந்துவிட்டன. ஆனாலும் போன மாதம் அந்த நினைப்பு திரும்பி வந்தது. இந்த முறை நானே பஸ் ஏறி இங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் ஓர் இளம் நர்ஸ், "என்ன பண்ணுதுங்க?" என்றாள். எனக்குப் பின்னால் வரிசை.

"சாகணும்னு தோணுது."

பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "நல்லவேள, வந்தீங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இதை அவளுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? அவளும் ஒரு நாள் யாரிடமாவது தவறாகப் பேசிவிட்டு, தூங்காமல் கிடந்திருப்பாளோ?

மாத்திரை சாப்பிடுகிறேன். பசிக்கிறது. இனி எப்போது அந்த நினைப்பு வந்தாலும், வேறெதுவும் செய்யுமுன் ஒரு மனுஷியிடம் வாய்விட்டுச் சொல்வேன். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சத்தமாகவே சொல்வேன், அக்கா.

இரண்டாம் நாள் காலையில் உங்களுக்குத் தங்கையானவள்