செருப்புக்கு நடந்த காதுகுத்து

2025 ஜனவரி 19, ஞாயிறு
சேத்தியாத்தோப்பில் மச்சான் தேவநாதன் மகளுக்குக் காதுகுத்து. வீடியோ எடுத்தது நான். பக்கத்து வீட்டு உமர் பாரூக் பாய் குவைத்திலிருந்து கொண்டுவந்து, பரணில் போட்டு, கடைசியில் என் தலையில் கட்டிய கேமரா. சாயங்காலம் டிவியில் ஒயரைச் செருகி, எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டேன். நாற்பது நிமிஷமும் என் வலது கால் செருப்பு. நான் எடுக்கும்போது கேமரா நின்றிருக்கிறது, கையில் தொங்கும்போது ஓடியிருக்கிறது. குழந்தை வீறிட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.
துர்கா கேட்டாள்: "ஏங்க, செருப்புக்கா காது குத்துனாங்க?"
கட்டிய மனைவி.

ஜனவரி 22
பாய் பாடம் நடத்தினார். சிவப்புப் புள்ளி தெரிந்தால்தான் ஓடுகிறது. சும்மா சும்மா ஜூம் பண்ணிக் கிட்டே இழுக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கணும். வாயை மூடிக்கொண்டு எடுக்கணும்.
கடைசி ஒன்றுதான் கஷ்டம்.

ஜனவரி 26
ஒன்பதாவது படிக்கும் என் மகள் கயல்விழி பள்ளி ஆண்டு விழாவில் சிலம்பம் ஆடப்போகிறாள். தெருவில் பழகினாள், எடுத்தேன். "அசையாம நில்லு"ன்னு கத்தியிருக்கிறேன். கம்பு சுத்துறவகிட்ட! செராமிக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக பொம்மை அச்சில் களிமண் கரைசலை ஊற்றிவிட்டு அதைத்தானே கத்துகிறேன்? அசைந்தால் பொம்மைக்கு மூக்கு கோணிவிடும். தெருவே சிரித்தது. இவளுக்கு மூக்கு கோணவில்லை. முகம் கோணியது.

பிப்ரவரி 2
நேற்று கேமராவை நிறுத்தாமலே அலமாரியில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறேன். இன்று தனியாகப் போட்டுப் பார்த்தால் அரிசி மூட்டை. பின்னால் கயல்விழி குரல்.
"அப்பா விழாவுக்கு வரட்டும்மா. கேமரா வேணாம். எல்லார் முன்னாடியும் கத்துவாரு. நீ சொல்லேன்."
"நான் எப்படிடி சொல்லுவேன்? பாவம், அதுக்குன்னே தினம் பழகுறாரு."
அதற்குப் பிறகு முழுக்க அரிசி மூட்டைதான். நான் எடுத்ததிலேயே நல்ல படம் — ஆடாம அசையாம நிக்குது.
பெத்த பொண்ணுக்கு நான் வெக்கமா? ஆமா, பின்ன?
அழித்துவிட்டேன். அந்தப் பட்டனை மட்டும் முதல் தடவையே சரியாக அமுக்கினேன்.

பிப்ரவரி 6
துர்கா இன்னும் சொல்லவில்லை. சோறு போடும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தாள். ரசம் வேணுமா என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி
விழா. கேமராப் பையோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடை ஓரத்தில் நின்ற கயல்விழி என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். கேமராவை எடுத்தேன், திறந்தேன், உதட்டைப் பிதுக்கினேன். "சார்ஜு இல்ல" என்று அவள் காதுக்கு எட்டுகிற மாதிரி துர்காவிடம் சொல்லிப் பைக்குள் வைத்தேன். எனக்கா நடிக்கத் தெரியாது?
அவள் ஆடினாள். கம்பே தெரியவில்லை, காற்றுச் சத்தம்தான் கேட்டது. திரும்பும்போதெல்லாம் உதட்டைக் கடிக்கிறாள். இத்தனை நாள் அந்தச் சின்னத் திரையில் இது தெரியவே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
காலையில் கயல்விழி கம்போடு வந்து நின்றாள். "மொட்டமாடில ஆடுறேன், எடுக்குறீங்களாப்பா? பேசக் கூடாது."
வெளிச்சத்துக்கு முதுகு, வாய்க்குப் பூட்டு. சிவப்புப் புள்ளியை மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். டிவியில் போட்டோம். தலையிலிருந்து கால்வரை அவள்தான். செருப்பு எங்கேயும் இல்லை என்று துர்கா குறைப்பட்டுக்கொண்டாள்.
"அன்னிக்கும் சார்ஜு இருந்திருக்கலாம், இல்லப்பா?" என்றாள் கயல்விழி.
"ஆமாம்மா" என்றேன்.
வெள்ளிக்கிழமை பேட்டரி முழுசாகத்தான் இருந்தது.