சோதனைக்கு வராத கேள்விகள்

03.03.2025, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது, நேற்று எழுதிய விடையை அழித்தது. அடுப்பு மூட்டவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. விடை பிழையில்லை, புத்தகத்தின் பின்பக்கத்தோடு ஒத்துவந்தது. ஆனால் ஒரு வரியில், சின்ன இடைவெளிக்கு வைத்த h-ஆல் வகுத்தேன். மூன்று வரி தள்ளி அதே h-ஐப் பூச்சியம் என்று போட்டேன். பூச்சியம் என்றால் எப்படி அதனால் வகுத்தேன்? பூச்சியம் இல்லையென்றால் எந்த உரிமையில் தூக்கி எறிந்தேன்?

நாற்பத்து நான்கு வயதில் இது ஒரு கவலையா?

மகள் பிரியதர்சினி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கணிதக் கொப்பிகளில் தொடங்கியது. என் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை. கலைப் பிரிவு, அதில் ஒரு பட்டம், பிறகு கிண்ணியாவில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. இப்போது, மகள் படித்து முடித்த பாடத்தைத் தொலைக்கல்வியில் நான் தொடங்கியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் நகரத்தில் வகுப்பு.

வீட்டில் சொன்னது வேறு. தடைதாண்டல் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொன்னேன். அரசாங்க உத்தியோகத்தில் அந்தப் பரீட்சைக்கு ஒருவரும் குறுக்கே நிற்பதில்லை; பாஸ் பண்ணினால்தான் பதவியில் அடுத்த படி. என் கணவர் தனஞ்சயன் யோசிக்கவே இல்லை. "படியும். சனிக்கிழமையில அம்மாவை நான் பாக்கிறன்" என்றார்.

அந்தப் பரீட்சையை நான் பாஸ் பண்ணி ஒன்பது வருடம்.

08.03.2025, சனி

வகுப்பில் எல்லாருக்கும் இருபது வயது. படிப்பிக்கிற சிந்துஜனுக்கு இருபத்தாறு. கையை உயர்த்தி h-ஐப் பற்றிக் கேட்டேன்.

"h பூச்சியத்தை அணுகுது அக்கா. பூச்சியம் இல்லை."

"அப்ப கடைசி வரியில ஏன் பூச்சியம் போடுறம்?"

"புள்ளித்திட்டத்தில அந்தப் படிக்கு அஞ்சு புள்ளி கிடக்கு. அதுக்காகப் போடுறம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். "இது சோதனைக்கு வராது அக்கா. விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். அவருக்கும் தெரியாது என்று பட்டது. அது ஏன் எனக்கு ஆறுதலாக இருந்தது?

11.03.2025, செவ்வாய்

கிண்ணியா பஸ்ஸில் முன் சீற் கிடைத்தது. சாரதிக்கு முன்னால் வேகம் காட்டும் வட்டம். முள் பூச்சியத்தில் நிற்கிறது, பஸ் பறக்கிறது.

"தம்பி, இது வேலை செய்யாதோ?"

சாரதி றம்ஸான் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "அது மௌத்தாகி மூணு வருசம் மிஸ்."

"அப்ப எவ்வளவு வேகத்தில போறீங்கள் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பொலிஸ் புடிச்சா அவங்க சொல்லுவாங்க."

கந்தோரில் வேலைக்குப் போய் இறங்கும் வரைக்கும் யோசித்தேன். பொலிஸ்காரன் 'இந்தக் கணத்தில் எழுபது' என்கிறான். ஒரு கணத்தில் பஸ் எவ்வளவு தூரம் போகும்? ஒன்றுமில்லை. எவ்வளவு நேரத்தில்? அதுவும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததால் வகுத்து எழுபது எப்படி வந்தது?

14.03.2025, வெள்ளி

கந்தோரில் பக்கத்து மேசை ஸுல்பிகாவுக்கு நோன்பு. சேர்ந்து சாப்பிட ஆள் இல்லாததால் மதிய நேரம் முழுதும் அட்சரகணிதம்.

மறையை மறையால் பெருக்கினால் ஏன் நேர்? ஆறாம் வகுப்பில் கேட்டு அடி வாங்கிய கேள்வி. இன்று நான்கு வரியில் எனக்கே நிறுவிக் காட்டினேன். அது நேராக வராவிட்டால் கூட்டல், பெருக்கல் என்று நாம் நம்பியிருக்கும் விதிகள் ஒன்றோடொன்று மோதி உடைந்துவிடும். மற்றதெல்லாம் உடையாமல் இருக்க, அது அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

சந்தோசமாகத்தான் எழுதத் தொடங்கினேன். கடைசி வசனம் பிடிக்கவில்லை.

23.03.2025, ஞாயிறு

மாமி நல்லம்மாவுக்கு, இவரின் தாய்க்கு, பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. இடப்பக்கம் முழுக்க இயங்காது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அங்கே வேகம் பூச்சியம். ஆனால் ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், பூச்சியமில்லை என்கிறது புத்தகம். நின்றுவிட்ட ஒன்றுக்கு என்ன ஆர்முடுகல்? வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் கேட்டேன். சூத்திரம் ஒன்றும் கட்டைவிரல் ஒன்றும் வந்தன.

குசினியில் கறிக்குப் பிழிய வைத்திருந்த ஒரு தேசிக்காயை எடுத்து எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். கதிரையிலிருந்து மாமி பார்த்திருக்கிறா.

"தடைதாண்டலுக்குத் தேசிக்காயும் எறியிறவையோ?"

கை தவறிவிட்டது. தேசிக்காய் அவவின் காலடிக்கு உருண்டது.

"மேல போய் ஒருக்கா நிக்குது மாமி. கவனிச்சனீங்களோ?"

"எங்க நிண்டது? நிண்டதெண்டால் அங்கயே எல்லோ நிக்கவேணும். பிறகேன் விழுது?"

அவ்வளவுதான். வேகமும் இல்லாமல், வேகத்தின் மாற்றமும் இல்லாமல் இருந்தால் தேசிக்காய் என்றென்றைக்கும் கூரைக்குக் கீழே தொங்கும். உச்சியில் வேகம் இல்லை; மாறிக்கொண்டிருப்பது மட்டும் நிற்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன்.

இதை என் சீவியத்தோடு ஒப்பிட்டு எழுதப் போவதில்லை. இது தேசிக்காயைப் பற்றியது.

31.03.2025, திங்கள்

நோன்புப் பெருநாள். பின்னேரம் ஸுல்பிகா வீட்டுக்கு வட்டிலப்பம் இனிப்புக் கொண்டுவந்தாள். இவர் உபசாரமாகத்தான் கேட்டார்.

"நீங்களும் தடைதாண்டலுக்குப் படிக்கிறீங்களோ?"

"அதெல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தானே எழுதிப் பாஸ் பண்ணினம் சேர். எத்தின வருசம்..." அப்போதுதான் என் முகத்தைக் கண்டாள். "இது வேற பரீட்சையாக்கும்."

"வட்டிலப்பம் நல்லாயிருக்கு" என்றா மாமி. அவ அதை இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

அவள் போன பிறகு இவர் கேட்டார்: "சனிக்கிழமையில ஆரிட்டப் போறனீர்?"

கொப்பிகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். நான்கு பக்கம் புரட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"இதுக்கோ?"

"இதுக்குத்தான்."

"இதால என்ன வரும்?"

கொப்பியை மூடி, மூலைகளைச் சரியாக அடுக்கி வைத்தார். "வேற எதுவெண்டாலும் எனக்கு விளங்கியிருக்கும்."

05.04.2025, சனி

இவர் தடுக்கவில்லை. இன்று காலை ஆறு மணிக்குத் துறைமுகக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இனிச் சனிக்கிழமைகளிலும் வேலையாம். கேட்டு வாங்கியிருக்கிறார்.

மாமியைத் தனியே விட ஏலாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

19.04.2025, சனி

வகுப்பில்லாத மூன்றாவது சனி. சிந்துஜன் குறிப்புகள் அனுப்பியிருந்தார். சூத்திரங்கள் மட்டும்.

03.05.2025, சனி

மாமியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு தீத்தி, மருந்து கொடுத்து — பத்தரை. கொப்பியைத் திறந்தால் கூப்பிடுகிறா. மூடினால் நித்திரை. திறந்தால் கூப்பிடுகிறா. வேணுமெண்டு செய்யிறாவோ? இல்லை. பாவம், அவவும்தான் அந்தக் கதிரையில. எனக்கு ஏலாது. ஆரிட்டச் சொல்லுறது? மனுசன் குடிக்கிறேல்லை, அடிக்கிறேல்லை. வகையீடு படிக்க விடுறார் இல்லையெண்டு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?

20.05.2025, செவ்வாய்

தொலைக்கல்விச் சோதனைக்கு அனுமதி அட்டை வந்துவிட்டது. ஜூன் 15, ஞாயிறு, காலை ஒன்பது மணி, மட்டக்களப்பு.

சாப்பிடும்போது இவர் சொன்னார்: கனடாவில் இருந்து தங்கச்சி ஜெயரூபி 13ஆம் திகதி வருகிறாளாம். ஞாயிறு, 15ஆம் திகதி, சொந்தக்காரருக்கு வீட்டில் மதியச் சாப்பாடு. சமையலுக்கு ஆள் பிடித்தாயிற்று. "நீர் அம்மாவோட நிண்டால் போதும்."

சரி என்றேன். அட்டையைக் கைப்பைக்குள் வைத்தேன்.

27.05.2025, செவ்வாய்

கிண்ணியாப் பாலத்தில் ஃபோனின் நேரமானியை அமத்தினேன். விளக்குக் கம்பங்களுக்கு நடுவே முப்பது மீற்றர் என்று வைத்துக்கொண்டேன். பத்து இடைவெளிக்கு இருபத்தேழு செக்கன்: மணிக்கு நாற்பது. ஐந்துக்குப் பார்த்தால் நாற்பத்தொன்று. ஒன்றுக்கு நாற்பத்து மூன்று. அதைவிடச் சின்னதாகப் போக என் விரலால் முடியவில்லை.

"மிஸ் பொலிஸில சேந்துட்டீங்களா?" என்றான் றம்ஸான்.

அங்கேதான் விளங்கியது. h ஒருபோதும் பூச்சியமாவதில்லை. ஒருவரும் பூச்சியத்தால் வகுக்கவில்லை. இடைவெளி சுருங்கச் சுருங்க விடைகள் எந்த எண்ணைச் சுற்றி நெருங்குகின்றன என்றுதான் கேட்கிறோம். எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் அவ்வளவுக்குள் வந்து காட்டுவேன் என்று ஓர் எண் தரும் வாக்கு — அதுதான் எல்லை. கடைசி வரியில் பூச்சியம் போடுவது அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, அவ்வளவுதான். விரலுக்கு எட்டாத இடத்துக்குத் தாள் போகிறது.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஸுல்பிகாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒங்கட முகத்த இப்பிடி நான் கண்டதில்ல" என்றாள்.

07.06.2025, சனி

சட்டை மாற்றும்போது மாமி கேட்டா. "உன்ர சோதனை எப்ப?"

"எந்தச் சோதனை?"

"தேசிக்காய்ச் சோதனை."

சொன்னேன். திகதியை, நேரத்தை, மட்டக்களப்பை. இரண்டரை வாரமாக ஒருவருக்கும் சொல்லாததை. அவ வலக்கையால் பொத்தானைத் தானே பூட்டப் பார்த்தா, நான் விட்டுக்கொடுத்தேன். நெடுநேரம் எடுத்தது.

"ஜெயரூபிக்கு என்னைத் தூக்கத் தெரியாது" என்றா.

போகாதே என்றதா? இல்லை, வேறெதையாவது சொன்னாவா? திருப்பிக் கேட்கத் துணிவு வரவில்லை.

13.06.2025, வெள்ளி

ஜெயரூபி வந்துவிட்டாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என்னிடம், "மச்சாள், அம்மாவை எப்பிடித் திருப்புறது? எனக்குப் பயமாயிருக்கு" என்றாள். செய்து காட்டினேன். இரண்டாம் தரம் அவளே செய்தாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு, "பிழையில்லை" என்றா.

வரைபுத்தாளில் அவளுக்காக இரண்டு நிரல் கீறினேன். 'என்ன செய்வது', 'ஏன்'. சட்டை போடும்போது இடக்கை முதலில். ஏனென்றால் அது மடங்காது, வலக்கை தானாக வந்துவிடும். தண்ணீர் கொடுக்கும்போது நாடி கீழே. ஏனென்றால் நிமிர்ந்தால் புரையேறும். காரணம் தெரிந்தால் அவளுக்கு மறக்காது. எனக்கு ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லை.

பதினொரு வரி. பன்னிரண்டாவதில், 'ஞாயிறு விடியற்காலை முதல் பின்னேரம் வரை இவை எல்லாவற்றையும் நீங்கள் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். அதற்கு நேரே 'ஏன்' நிரல் வெறுமையாகக் கிடந்தது. இதால என்ன வரும் என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. 'எனக்குச் சோதனை' என்று எழுதினேன். இம்முறை பொய்யில்லை.

மட்டக்களப்பு பஸ் விடியற்காலை நாலேகாலுக்கு. தாளை அனுமதி அட்டையோடு மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிறு வெளிக்கிடும்போது மாமியின் தலைமாட்டில் ஒட்டிவிட்டுப் போவேன்.