உன் பாதிச் சொற்கள்

கோராட்,
ஜூலை 18

வணக்கத்துக்குரிய துறவித் தம்பிக்கு,

உன் அக்கா ஓய் எழுதுவது. உன் மூக்கைத் துடைத்துவிட்ட கையாலேயே உன்னைக் கும்பிட வேண்டியிருக்கிறது. என்ன செய்ய, காவி கட்டிவிட்டாய். மொட்டைத் தலை உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. பார்லர்காரி சொல்கிறேன், நம்பு.

போய்ச்சேர்ந்த அம்மாவின் புண்ணியத்துக்காக மழைக்கால மூன்று மாதம் மடத்தில் இருக்கப் போகிறேன் என்றாய். சரி என்றேன். ஆனால் அக்டோபரில் பாங்காக்கில் நம் ஜோடி ஸ்கிராபிள் சொல்லாட்டப் போட்டி இருக்கிறதே, மறந்துவிடாதே. சென்ற வருடம் இறுதி ஆட்டத்தில் அந்த உபோன் ஊர் இரட்டையர்கள் ஜெயித்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்தது இன்னும் என் வயிற்றில் எரிகிறது.

மனப்பாடம் செய்ய வேண்டிய இங்கிலீஷில் ஐந்தெழுத்து வரை எனக்கு, ஆறு, ஏழு, எட்டெழுத்துச் சொற்கள் உனக்கு என்று எந்த வேளையில் பிரித்தோமோ! பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். வாரம் ஒரு தாள் எழுதி அனுப்பு. அந்த ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி கூட்டத்திலிருந்து தொடங்கு.

உன் அக்கா,
ஓய்

*

மலையடிவார மடம், லோய்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மடத்தில் விளையாட்டு கூடாது. சொல் எழுதி அனுப்புவதும் விளையாட்டில்தான் சேரும் என்கிறார் பெரிய துறவி. கோபித்துக்கொள்ளாதே.

எழுதாவிட்டால் மட்டும் விடுகிறதா? கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் ஏழெழுத்துகள் வந்து வரிசையில் நிற்கின்றன. அடுக்குகிறேன், கலைக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன். மற்றவர்கள் என்னை ஆழ்ந்த தியானத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள்!

பாலி மொழி ஓதல்கள் மட்டும் மளமளவென்று வருகின்றன. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வதில் என்னை யார் வெல்ல முடியும்?

ஆசிகளுடன்,
உன் தம்பி மோட்

*

கோராட்,
ஆகஸ்ட் 27

துறவித் தம்பிக்கு,

அனுப்ப மாட்டாயா? நல்லது. அகராதி என்னிடமும் இருக்கிறது. ஏழெழுத்தில் எஸ் வருவதை முடித்துவிட்டேன், இப்போது எக்ஸ். தாள்களைக் கண்ணாடி முழுக்க ஒட்டி வைத்திருக்கிறேன். முடிக்குச் சாயம் போட வருகிறவர்களுக்குத் தங்கள் முகமே தெரிவதில்லை.

சோம்ஜிட் பெரியம்மா தலையில் துணியோடு உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்கிறாள். நேற்று, “ஏண்டி, இத்தனை கத்துறியே, ஒண்ணுக்காவது அர்த்தம் தெரியுமா?” என்றாள். “அர்த்தத்துக்குப் பாயிண்ட் கிடையாது பெரியம்மா” என்றேன். “நல்ல கூத்துடி, என் புருஷன் பேச்சு மாதிரியே இருக்கு” என்றாள்.

நம் ஜோடிச் சட்டை இரண்டையும் தேய்த்து வைத்துவிட்டேன். முதுகில் இரண்டு பேர் பெயரும் தைத்திருக்கிறது. மழைக்காலம் முடியும் அன்று உனக்குக் கொண்டு வருகிறேன். காவியைக் களைந்து அதைப் போட்டுக்கொண்டு நேராக பஸ் ஏறு. வருவாய்தானே? சும்மா கேட்கிறேன்.

ஓய்

*

லோய்,
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

போன வாரம் பெரிய துறவி, “உனக்கு ஆயிரக்கணக்குல இங்கிலீஷ் வார்த்தை தெரியுமாமே? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுப்பா” என்றார். விழித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, தினம் ஓதுறியே, அதுக்காவது தெரியுமா?” அதற்கும் விழித்தேன்.

உட்கார வைத்து வரி வரியாகச் சொன்னார். அம்மாவை எரித்த அன்று ஓதினார்களே, நாம்கூட வாயசைத்தோமே, அந்த வரிகளும் வந்தன. தோன்றியது எதுவும் தங்காது, அது அடங்குவதே சுகம் என்று அர்த்தமாம். அக்கா, அன்று எனக்கு அழுகை வரவில்லை. இப்போதுதான் வந்தது, நன்றாக அழுதேன்.

மிச்ச வரிகளுக்கும் அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலம் முடிந்தாலும் நான் இங்கேயே இருக்கிறேன். உன்னைப் பாதியில் விட்டுவிட்டேன். என்னைத் திட்டு, ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

மோட்

*

கோராட்,
அக்டோபர் 24

துறவித் தம்பிக்கு,

திட்டினேன். ஒரு மாதமாக எழுதாததே அதனால்தான். உன் சட்டையைத் தூக்கித் தரை துடைக்கப் போட்டேன், பிறகு எடுத்துத் துவைத்து வைத்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், உனக்கு மட்டும்தான் அழத் தெரியுமா?

அப்புறம் போட்டி அலுவலகத்துக்குப் போன் போட்டு, “ஜோடி வேணாம் சார், தனியா ஆடுறேன்” என்றேன். எட்டெழுத்துவரை படித்துவிட்டுத்தான் போனேன். மூன்றாவது இடம். தனி ஆட்டத்திலும் இறங்கியிருந்த மூத்த இரட்டையனை நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன். என் கடைசி முறையில், உன் பாதியிலிருந்து, ரெட்சினா என்று ஏழு காய்களையும் ஒரே மூச்சில் வைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் முதல்முறையாக அதன் அர்த்தத்தைத் தேடிப் பார்த்தேன். கிரேக்க நாட்டில் குடிக்கிற, பிசின் வாசனை அடிக்கும் ஒயினாம்! ஒரு துறவியின் தலையில் இத்தனை வருடம் சாராயம் இருந்திருக்கிறது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துறவிகளுக்குக் காவித் துணி வழங்கும் விழாவுக்கு வருகிறேன். சட்டை கொண்டுவரவில்லை, புதுக் காவிதான் வாங்கியிருக்கிறேன். பெண் கையிலிருந்து நீ நேராக வாங்கக் கூடாதே, அதனால் ஒரு துணியை விரித்து வை, அதன்மேல் வைத்துவிட்டுக் கும்பிடுகிறேன்.

நீ மறந்தால் பாதி அழிந்துபோகும் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். இப்போது எல்லாம் என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடும்போது அவை வந்து நின்றால், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி அனுப்பிவிடு. நீ தாராளமாக மறக்கலாம்.

உன் அக்கா,
ஓய்